மால் உரிமையாளரின் கையெழுத்துகள்: எது கடப்பாடு, எது எதிர்பாராப் பொறுப்பு?

கேள்வி: நான் ஒரு வணிக வளாகத்தின் உரிமையாளர். கடன் தவணை ஒருமுறைகூடத் தவறியதில்லை, பில் பாக்கியும் இல்லை. கடனைப் புதுப்பிக்கச் சென்றால், நிதிக் கடப்பாடுகளுக்கும் எதிர்பாராப் பொறுப்புகளுக்கும் வங்கி தனிப் பட்டியல் கேட்கிறது. எதை எழுதுவது? இதற்காக எவ்வளவு ஒதுக்கிவைப்பது?

பதில்: பில் பாக்கி இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் வங்கி கேட்பது இன்னும் பில்லாக மாறாத கையெழுத்துகளை. ஆகவே பில் கோப்பை மூடிவிட்டு ஒப்பந்தக் கோப்பைத் திறங்கள்.

எஸ்கலேட்டர் மாற்ற 100 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், 30 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 கணக்கில் ஏறியிருக்கும். மிச்சம் 70 எந்தக் கணக்கிலும் இல்லை. வேலை முடிந்தால் கொடுத்தே தீரவேண்டிய அந்தத் தொகைதான் கடப்பாடு. வேலையின் தரத்துக்கு உத்தரவாதமாக ஒப்பந்தக்காரரின் பில்லிலிருந்து நீங்கள் பிடித்துவைத்த தொகையை இதோடு சேர்க்காதீர்கள். அது முடிந்த வேலைக்கான கூலி. இப்போதே உங்கள் கடன். புதிய கடைக்காரருக்கு உள் அலங்காரச் செலவில் பங்கு தருவதாக எழுதிக்கொடுத்திருந்தால் அதையும் கடப்பாடுகளில் சேருங்கள்.

எதிர்பாராப் பொறுப்பு வேறு வகை. நடந்துமுடிந்த ஒரு சம்பவத்தால் நீங்கள் பணம் கட்டவேண்டி வரலாம், வராமலும் போகலாம். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர் தொடுத்த வழக்கு, சொத்துவரித் தகராறு, கட்டுமான ஒப்பந்தக்காரர் கேட்கும் கூடுதல் தொகை எல்லாம் இதில் அடங்கும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 37 இங்கே தெளிவாக வழிகாட்டுகிறது. கட்டவேண்டி வரும் வாய்ப்பே அதிகம், தொகையையும் நம்பகமாக மதிப்பிட முடியும் என்றால் கணக்கிலேயே ஒதுக்கீடு செய்யவேண்டும். வாய்ப்பு அதைவிடக் குறைவு என்றால் நிதி அறிக்கையின் குறிப்பில் சொன்னால் போதும். மிக அரிது என்றால் அதுவும் தேவையில்லை. காப்பீடு இருக்கிறதே என்று தொகையைக் கழித்துக் காட்டாதீர்கள். காப்பீட்டுப் பணம் வருவது ஏறக்குறைய உறுதியானால், அதைத் தனிச் சொத்தாகத்தான் காட்டலாம்.

பலர் மறந்துவிடுவது பிறருக்குக் கொடுத்த உத்தரவாதம். குழும நிறுவனமோ உறவினரின் தொழிலோ வாங்கிய கடனுக்கு மாலின் பெயரில் கையெழுத்திட்டிருந்தால், பட்டியலில் அதை முதல் வரியாக எழுதுங்கள். நீங்கள் மறைத்ததாக வங்கி பின்னால் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கடைக்காரர்களுடனான குத்தகை ஒப்பந்தங்கள். முதன்மைக் கடை காலி செய்தால் மற்றவர்கள் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற விதி அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளைவு சங்கிலியாக வரும். ஆண்டு நிகர வருமானம் 130 லட்சம், கடனுக்குக் கட்டுவது 100 லட்சம், வருமானம் கட்டுவதைப்போல் குறைந்தது 1.25 மடங்கு இருக்கவேண்டும் என்பது வங்கி வைத்த வரம்பு என்போம். இன்று 1.30, நிம்மதி. பெரிய கடை போய், மற்றவர்களின் வாடகையும் குறைந்து வருமானம் 118 ஆனால் 1.18தான். ஒரு தவணைகூடத் தவறாமலேயே கடன் நிபந்தனையை மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடலாம். அதே வேளையில் போகிறவருக்கு முன்பணத்தையும் திருப்பித் தரவேண்டும். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? கட்டடத்தில் போட்டிருந்தால் அதைக் கையில் எடுக்க முடியாது.

எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. கணக்கில் காட்டும் ஒதுக்கீடும் கையில் வைக்கும் ரொக்கமும் ஒன்றல்ல. அடுத்த ஆண்டு நட்டம் வரலாம், கூரையைப் பழுதுபார்க்க நேரலாம் என்பதற்காகக் கணக்கில் ஒதுக்கீடு செய்யத் தரநிலை இடம் தருவதில்லை. ஆனால் ரொக்கம் வைத்தே ஆகவேண்டும். அடுத்த 12 மாதங்களில் முடிகிற குத்தகைகளின் முன்பணம், முடிக்கவேண்டிய ஒப்பந்த வேலைகளின் மிச்சத் தொகை, காப்பீட்டில் நீங்களே ஏற்கவேண்டிய பங்கு, முதன்மைக் கடை காலியானால் குறையும் வருமானம் ஆகியவற்றைக் கூட்டுங்கள். கையிருப்பும் இன்னும் எடுக்காத கடன் வரம்பும் சேர்ந்து அதற்கு ஈடுகொடுக்காவிட்டால், புதிய ஒப்பந்தம் எதிலும் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம்.

வழக்குகள் ஒவ்வொன்றிலும் தோற்கும் வாய்ப்பு எவ்வளவு, தொகை எவ்வளவு என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தைத் தணிக்கையாளரிடம் காட்டிவிட்டுப் பட்டியலை வங்கிக்கு அனுப்புங்கள்.