சரியாக ஆறு மணித்தியாலம்

கேள்வி: முதல் துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருகோணமலை காந்தி சிலையடிக் கடற்கரையில் விடியப்புறம் ஒரு சடலம். இன்ஸ்பெக்டர் வந்து, கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இறந்து சரியாக ஆறு மணித்தியாலம்" என்கிறார். இப்படி எழுதலாமா? கடலில் வீசிய கத்தியில் கைரேகை கிடைக்குமா?
– மூதூர் வாசகர்

பதில்: தம்பி, கத்தியைப் பிறகு பார்ப்போம். உங்கள் கேள்வியில் இருக்கும் "சரியாக" என்ற சொல்தான் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

எந்தச் சட்ட வைத்திய அதிகாரியும் சாட்சிக் கூண்டில் ஏறி "சரியாக ஆறு" என்று சொல்லமாட்டார். நாலுக்கும் எட்டுக்கும் இடையில் என்பார். குறுக்குக் கேள்வி கேட்டால் அதையும் இன்னும் அகலமாக்குவார். உடம்பு குளிர்வதை வைத்து நேரம் கணிப்பது குளிர் நாட்டுக்குப் பொருந்தும் முறை. உயிருள்ள உடம்பு 37 பாகை. வெளியே 10 பாகை என்றால் சூடு இறங்குவதற்கு நிறைய இடம் இருக்கிறது, அளக்கலாம். கச்சான் காற்று வீசும் ஆனி மாதப் பகலில் நமக்கு 34, 35 பாகை. அந்த இரண்டு மூன்று பாகைக்குள் என்ன கணக்குப் போடுவது? விறைப்பும் அப்படித்தான். இமையிலும் தாடையிலும் முதலில் தெரியும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு முழுக்கப் பிடிக்கும், பிறகு தளரும் என்பது பொதுக் கணக்கு. வெக்கையில் எல்லாமே முந்திவிடும். ஓடிக் களைத்து இறந்தவருக்கு இன்னும் முந்தும். ஆகவே உங்கள் இன்ஸ்பெக்டர் கையை எடுக்கட்டும். அவர் அந்தச் சடலத்தைத் தொடவே கூடாது.

நேரம் சொல்லாத உடம்பு இடத்தைச் சொல்லும். இதயம் நின்றதும் இரத்தம் தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்கு இறங்கும். மல்லாக்கக் கிடந்தால் முதுகில் ஊதாக் கறையாகப் படியும். தரையில் அழுந்திய இடத்தில் மட்டும் இரத்தம் இறங்க முடியாது, தோல் வெளிறியே இருக்கும். எட்டுப் பத்து மணித்தியாலம் போனால் கறை ஊறிவிடும், பிறகு புரட்டினாலும் பெரும்பாலும் மாறாது. இப்போது உங்கள் சடலத்தை மணலில் குப்புறப் போடுங்கள். முதுகில் ஊதாக் கறை. அந்தக் கறைக்கு நடுவே, தோள்பட்டைக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள். பன்பாயின் பின்னல்! இறந்தவர் எங்கோ ஒரு வீட்டில் பாயில் கிடந்து, இரவு பாதிக்கு மேல் கழிந்தபின் கடற்கரைக்கு வந்திருக்கிறார். ஆறு மணித்தியாலத்தை நீங்கள் தாராளமாகத் தூக்கிப் போடலாம். அந்தப் பாய் எந்த வீட்டுப் பாய் என்று தேடினாலே நாவல் நடக்கும்.

அப்புறம், கடற்கரைக்கு யார் யார் வருகிறார்கள்? இது என் பழைய சண்டை, பலருக்குத் தெரியும். நம்மவர் எழுதும் துப்பறியும் கதைகளில் உட்துறைமுக வீதியில் கொலை நடக்கும், வந்து இறங்குகிறவர் சென்னைப் பொலிஸாக இருப்பார். "ஏட்டையா" என்று ஒருவர், "கமிஷனர்" என்று இன்னொருவர், மேசையில் "எஃப்.ஐ.ஆர்". "வாசகருக்குச் சினிமாவில் பார்த்துப் பழக்கம், அதனால் எழுதினேன்" என்று ஒரு எழுத்தாளர் எனக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினார். வாசகரை அவ்வளவு குறைத்து எடைபோடக் கூடாது. நம் வாசகர் நீதிமன்ற வாசலில் நாள் முழுக்க நின்றவர். இங்கே இருப்பவர் நிலையப் பொறுப்பதிகாரி. அவருக்கு மேலே பொலிஸ் அத்தியட்சகர். முறைப்பாடு ஏறுவது தகவல் புத்தகத்தில். விசாரணை பற்றிப் பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுப்பது பீ அறிக்கை. பிடியாணை இல்லாமல் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

சடலம் கிடந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். நீதி அமைச்சு நியமிக்கிறவர். பொலிஸும் இல்லை, வைத்தியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கோயிலிலும் சந்தையிலும் நாம் காணும் ஒரு மனிதர், பழைய மோட்டார் சைக்கிளில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து, இறந்தவரின் தாயிடம் "எத்தனை மணிக்குக் கடைசியாகக் கண்டீங்கள் அம்மா?" என்று கேட்பார். அந்த மனிதரைக் கதாநாயகனாக வைத்து ஒரு தமிழ் நாவல் என் கைக்கு வரவில்லை. எவ்வளவு பெரிய பாத்திரம் அது! கொலை என்று சந்தேகம் வந்தால் நீதவானே வந்து பார்ப்பார், பிரேத பரிசோதனைக்குக் கட்டளையிடுவார். அதுவரை சடலம் கிடந்த இடத்தில் கிடக்கும், யாராவது ஒரு துணி கொண்டுவந்து மூடுவார்கள், வெயில் ஏறும். இதை எழுதுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறானா? அப்படியென்றால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு: பொலிஸ் அலுவலரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 27ஆம் பிரிவு ஒரு சின்ன வாசல் திறக்கிறது. அவன் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த சொற்கள் மட்டும் உள்ளே போகலாம். "கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்பது போகும். "அதால்தான் குத்தினேன்" என்பது போகாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத்தான் புரட்டிப் போட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் சொன்ன வாக்குமூலம் அதன்கீழ் சான்றாகும். அந்த ஒரு மாற்றம் நம் எத்தனை வீடுகளின் வாசலைத் தொட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த கடற்கரைக்கு வருகிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை அங்கேதான் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தது என்று அதிகார தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குப் போய்ப் படம் எடுத்தார். குண்டுச் சிதறல் உடம்பெங்கும் ஒழுங்கில்லாமல் கிழிக்கும். துப்பாக்கி ரவை துளைத்த காயம் வேறு. கிட்ட வைத்துச் சுட்டால் துளையைச் சுற்றிக் கரி படியும், வெடிமருந்துத் துகள் பச்சை குத்தியதுபோலத் தோலில் பொட்டுப் பொட்டாக இறங்கும். படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்தன. தலையில் சுடப்பட்டிருந்ததை ஊரே பார்த்தது. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில், போதிய சான்று இல்லை என்று, மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.

தம்பி, உங்கள் கதையில் "சரியாக" என்ற சொல்லை அந்தக் கமெராவுக்காக வைத்திருங்கள். காயம் எங்கே, எத்தனை, எந்தப் பக்கம், யார் எழுதினார், எத்தனை மணிக்கு எழுதினார், எந்த மொழியில் எழுதினார், கையெழுத்து வைத்தவருக்கு அது வாசித்துக் காட்டப்பட்டதா. எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டர் களவு போனபோது நான் ஒரு முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தேன். அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது என் பெயரும் திகதியும் மட்டும். களவுக்கே இப்படி என்றால் கொலைக்கு எப்படி என்று அன்று முழுக்க யோசித்தேன். உங்கள் நாவலில் ஒரு சாட்சி அப்படிக் கையெழுத்து வைக்கட்டும். இருநூறு பக்கம் தாண்டி அது வெடிக்கட்டும்.

சரி, கத்தி. வியர்வையின் உப்பு தண்ணீரில் கரைந்துபோகும், விரலின் எண்ணெய்ப் பசை கொஞ்சம் தங்கும். அந்தப் பசையில் ஒட்டும் நுண்துகள் கரைசல் இருக்கிறது, ஈரமான உலோகத்திலும் ரேகையைக் காட்டும். ஒரு இரவு என்றால் கிடைக்கக்கூடும் என்று எழுதலாம். ஒரு மாதம் அலையில் புரண்ட கத்தி என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள். இரத்தம் பட்ட சேலையை மட்டும் சொப்பிங் பேக்கில் போட்டுக் கட்டாதீர்கள், ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து மரபணுச் சான்று பாழாகும். நிழலில் காயவைத்து, கடதாசிப் பையில் போட்டு, முத்திரை வைத்து, பெயர் எழுதி, பத்தரமுல்லையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகட்டும். அதற்குள் உங்கள் இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம் வரட்டும், புதியவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கட்டும்.