கிராமைக் கப்பாக மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: 250 கிராம் மைதா எத்தனை கப்?

பதில்: எந்தக் கப் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் கப் ஏறத்தாழ 237 மில்லி கொள்ளும். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஜப்பானியக் கப் 200 மில்லி. 237 மில்லி கப்பையே எடுத்துக்கொண்டாலும், மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு, கத்தி முதுகால் தலைதட்டினால்தான் அதில் சுமார் 125 கிராம் பிடிக்கும். அப்போது உங்கள் 250 கிராம் 2 கப் ஆகும். அதே கப்பை டப்பாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் மாவு இறுகி 140, சில வேளை 150 கிராம் வரை ஏறிவிடும். 2 கப்பில் 30 முதல் 50 கிராம் மாவு கூடினால் கேக் வறண்டு கெட்டிப்படும். பழி அடுப்பின்மேல் விழும்.

கேள்வி: சர்க்கரைக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: இல்லை. படிகச் சர்க்கரை அதே கப்பில் 200 கிராம் இருக்கும். அழுத்தினாலும் பெரிதாக இறுகாது. பொடித்த சர்க்கரை 120 கிராம் அளவில்தான் நிற்கும்.

கேள்வி: திரவங்களில் 100 கிராமை 100 மில்லி என்று கொள்ளலாமா?

பதில்: தண்ணீருக்குக் கொள்ளலாம், பாலுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. தேன் அடர்த்தியானது என்பதால் 100 கிராம் 70 மில்லிதான் வரும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. 100 கிராம் ஏறத்தாழ 109 மில்லி.

கேள்வி: 150 கிராம் கோகோ பொடி எத்தனை கப்?

பதில்: எந்தக் கப்? 237 மில்லி என்றால் ஒன்றே முக்கால்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் தராசே மேல் என்பது போல எழுதுகிறீர்கள். என் தராசு முழுக் கிராம்களை மட்டுமே காட்டும். 3 கிராம் ஈஸ்டை அதில் நிறுப்பதைவிட ஸ்பூனால் அளப்பது சரியாக இராதா?

பதில்: நீங்கள் சொல்வது சரி, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முழுக் கிராமாகக் காட்டும் தராசில் 3 என்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். ஆறில் ஒரு பங்கு பிழை. சிறிது சிறிதாகத் தூவினால் சில தராசுகளில் எண் அசைவதே இல்லை. உலர் ஈஸ்ட் தலைதட்டிய 1 டீஸ்பூன் சுமார் 3 கிராம் என்பதால், இவ்வளவு சிறிய அளவுக்கு ஸ்பூனே நம்பகமானது.

கேள்வி: இதை மறுக்கிறேன். உப்பை ஸ்பூனால் அளந்தால் தூளுக்குத் தூள் மாறுமே?

பதில்: மாறும். நுண்ணிய உப்பு 1 டீஸ்பூன் 6 கிராம். செதில் உப்பு அதில் பாதியளவுகூட இருக்கலாம். ஆகவே, மாவில் எப்படியும் தண்ணீர் சேரும் இடங்களில் உப்பைக் கரைசலாக்கிக்கொள்ளுங்கள்: 30 கிராம் உப்பை 270 கிராம் தண்ணீரில் கரைத்தால், அந்தக் கரைசலில் 30 கிராமை நிறுத்து எடுக்கும்போது 3 கிராம் உப்பு வந்துவிடும். செய்முறையின் தண்ணீரில் 27 கிராமைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முழுக் கிராம் தராசு இதற்குப் போதும். பேக்கிங் பவுடரை மட்டும் இப்படிக் கரைத்து வைக்காதீர்கள். ஈரம் பட்டவுடனே அது பொங்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஸ்பூன் அளவு எல்லா நாட்டிலும் ஒன்றுதானே?

பதில்: டீஸ்பூன் பெரும்பாலும் 5 மில்லிதான். டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

கேள்வி: 300 கிராம் மைதா எத்தனை கப்?

பதில்: எந்தக் கப்? முதல் பதிலைப் படித்துவிட்டு, உங்கள் கப்பைத் தராசில் வைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் எத்தனை கிராம் வருகிறதோ, கப் அத்தனை மில்லி.