ஒட்டு என்றால் எந்த ஒட்டு?

கேள்வி: 'ஒட்டு ரகம்' என்று கேட்டு வாங்கிய தக்காளி விதை மாடித் தோட்டத்தில் நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்திலிருந்தே விதை எடுத்து மறுபடி விதைத்தேன். இப்போது ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஒட்டு மாமரம் மட்டும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிப் பழம் தருகிறதே, ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: 'ஒட்டு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு செயல்களுக்கு வழங்கி வருவதால் நேர்ந்த குழப்பம் இது.

மாங்கன்றில் நடப்பது கத்தியும் கட்டும் கொண்டு செய்கிற வேலை. கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தண்டை வெட்டி, நல்ல பழம் தரும் மரத்தின் குச்சியை அதில் பொருத்திக் கட்டுகிறார்கள். கீழே இருப்பது வேர்ச்செடி, மேலே வைப்பது ஒட்டுக்குச்சி. இரண்டின் பட்டைக்கு அடியிலும் உள்ள வளர்திசு கூடிவிட்டால் நீரும் உணவும் தடையின்றிச் செல்லும். ஆனால் இரண்டும் தத்தம் இயல்பை விடுவதில்லை. ஆகவே மேலே காய்ப்பது தாய்மரத்துப் பழமேதான். ஒட்டுக்குக் கீழே தளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், ஏனெனில் அது வேர்ச்செடியின் தளிர். விட்டுவைத்தால் மேற்பகுதியை நலியச் செய்துவிடும்.

உங்கள் தக்காளி 'வீரிய ஒட்டு'. இதில் செடியோடு செடியைக் கட்டுவதே இல்லை. வேறு வேறு பண்புள்ள இரண்டு பெற்றோர்ச் செடிகளில், ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியில் சேர்த்துப் பெற்ற முதல் தலைமுறை விதை அது. பொட்டலத்தில் 'எஃப்1' என்று அச்சிட்டிருப்பது இதையே குறிக்கும். முதல் தலைமுறைச் செடிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றின் விதையிலோ பெற்றோர் பண்புகள் பிரிந்து வெளிப்படும். கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வந்தது. அடுத்ததில் ஏறத்தாழ நான்கில் ஒன்று குட்டையாயிற்று. தக்காளியிலோ நிறம், பருமன், நோய் தாங்கும் திறன் எனப் பல பண்புகள் ஒருசேரப் பிரிகின்றன. விதை எடுத்து வைக்க விரும்பினால் நாட்டு ரகத்தையோ, பெரியகுளத்தின் பி.கே.எம்.1 போன்ற வீரிய ஒட்டல்லாத ரகத்தையோ வாங்குங்கள். 'கலப்பினம்' என்ற தெளிவான சொல் இருக்கும்போது விதைக்கும் 'ஒட்டு' என்றே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுத் தென்னையின் இளநீர் அவ்வளவு இனிப்பு. அதை வேறொரு கன்றில் ஒட்டுக் கட்ட முடியுமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: முடியாது. மேலே சொன்ன வளர்திசு மாமரத்தில் பட்டைக்கு அடியில் முழு வளையமாக அமைந்திருக்கிறது. தென்னை, பனை, வாழை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் அந்த வளையம் கிடையாது. தொல்காப்பிய மரபியல் வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்தது. தென்னை அந்தக் கணக்கில் புல்தான். வெட்டிய தென்னையில் ஓரம் உறுதியாகவும் நடு மென்மையாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெற்றை முளைக்க வைப்பதே உங்களுக்குள்ள வழி. மரம் குட்டை ரகமானால் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சேர்க்கை பெறும் என்பதால் தாயை ஒத்த கன்றை எதிர்பார்க்கலாம். நெட்டை ரகமானால் பக்கத்து மரங்களின் மகரந்தமும் கலந்திருக்கும்.

கேள்வி: போத்துக்கும் பதியத்துக்கும் என்ன வேறுபாடு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முருங்கையில் செய்வதுபோல் கிளையை வெட்டி நட்டு, பிறகு வேர்விட வைப்பது போத்து. தாய்ச்செடியோடு இருக்கும்போதே வேர்விட வைத்து, பிறகு வெட்டிப் பிரிப்பது பதியம். மல்லிகையின் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைப்பது இந்த வகை. வளைக்க முடியாத கொய்யா, மாதுளைக் கிளைகளுக்கு விண்பதியம் உண்டு. கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப் பாசியை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டுவார்கள். இலைகள் ஆக்கிய உணவு பட்டை வழியே கீழிறங்க முடியாமல் வளையத்துக்கு மேல் தேங்குவதால் அங்கே வேர் கிளம்பும். பட்டையை உரித்தபின் அந்த இடத்தின் வழுவழுப்பையும் கத்தியால் சுரண்டிவிடுங்கள். வளர்திசு சிறிது மிஞ்சினாலும் புதுப் பட்டை மூடிக்கொள்ளும், வேர் வராது.