பள்ளத்தில் விழுந்த பிறகு ஸ்டீயரிங் கனக்கிறது: ரேக்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது ஐந்தரை வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக் கார். போன வாரம் மழைத்தண்ணீர் நிறைந்திருந்த பள்ளம் தெரியாமல் இடது முன்சக்கரம் பலமாக இறங்கிவிட்டது. அதிலிருந்து ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது. வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் தானாக நேராவதில்லை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பட்டறையில் பத்தே நிமிடம் பார்த்துவிட்டு, "ரேக் போயிடுச்சு, 28,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா? இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா?

பதில்: இப்போதைக்குச் சரி சொல்லாதீர்கள். ரேக் (ஸ்டீயரிங்கைத் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்) கெட்டிருக்கவும் கூடும். ஆனால் பத்து நிமிடத்தில், எதையும் கழற்றாமல் அதைச் சொல்லிவிட முடியாது. கழற்றிப் பார்க்கும்வரை வண்டியை ஓட்டவும் வேண்டாம். வளைந்த டை ராடோ (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) அடிபட்ட பால் ஜாயிண்டோ (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) ஓடும்போது விட்டுப்போனால் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.

முதலில் டயர். இடது முன்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றைச் சரிபாருங்கள். ரிம்மின் உள்விளிம்பையும் டயரின் இரு பக்கச் சுவர்களையும் தடவிப் பாருங்கள். எங்காவது உப்பியிருந்தால் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும், அதற்கு ஒட்டு கிடையாது.

விளக்கு எரியவில்லை என்பது நல்ல தகவல். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கின் மோட்டாரோ சென்சாரோ ஒயரிங்கோ பழுதாகியிருந்தால் பெரும்பாலும் அந்த விளக்கு எரிந்திருக்கும். அதனால் எங்கோ ஒரு பாகம் வளைந்தோ இறுகியோ இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியை வைத்துக்கொண்டு இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். சக்கரம் தரையைத் தொடாதபோதும் இறுக்கம் இருந்தால், இரண்டு பக்கமும் டை ராடின் முனையை (டை ராடு எண்ட்) சக்கரத்திலிருந்து கழற்ற வேண்டும். இப்போது ஸ்டீயரிங் லேசாகச் சுற்றினால் ரேக் மேல் குற்றமில்லை. கோளாறு சக்கரத்துப் பக்கம் இருக்கிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கையால் தனித்தனியே திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பருக்கு மேலே இருக்கும் பேரிங், வளைந்த லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) இவற்றில் ஒன்றாக இருக்கலாம். திருப்பும்போது ஸ்பிரிங் இழுத்துப் பிடித்து 'டொக்' என்று விடுபட்டால் மேல் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

டை ராடைக் கழற்றிய பிறகும் இறுக்கம் போகவில்லை என்றால்தான் பேச்சு ரேக்குக்கு வர வேண்டும். அப்போதும் ஸ்டீயரிங் ராடு ரேக்கோடு சேரும் ஜாயிண்டைப் பிரித்து, இறுக்கம் மேலேயா கீழேயா என்று பார்க்கலாம். பல சின்ன கார்களில் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்டீயரிங் ராடோடு இருக்கும். கீழே இருப்பது மோட்டார் இல்லாத சாதாரண ரேக். அதனால் 28,000 ரூபாய் எதற்கு, பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிப் பார்க்கத் தனியாகக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது வீண் செலவில்லை.

வீல் அலைன்மென்ட் இயந்திரத்தில் ஒருமுறை அளந்து மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்தான் முக்கியமாக ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்குகிறது. இடது பக்கம் மட்டும் காஸ்டரோ கேம்பரோ (சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம்) விலகியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான சின்ன கார்களில் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே திருகிச் சரிசெய்யக்கூடியது. என் வண்டிக்கு லோயர் ஆர்ம் வளைந்திருந்தபோது அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் டயரின் உள்பக்கம் தேய்ந்து வீணானது. வளைந்த பாகத்தை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். அப்புறம், டை ராடையோ ஆர்மையோ சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம்.

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காது. முழு பாலிசி என்றால், பள்ளத்தில் விழுந்ததும் விபத்துதான். பழுது பார்ப்பதற்கு முன்பே தகவல் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள். அடிபட்ட பிறகும் ஓட்டியதால் கூடிய சேதத்தை மறுப்பார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு, ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லாவிட்டால், உலோக பாகங்களில் 40 சதவீதம் கழிப்பார்கள். கூலியில் தேய்மானம் கிடையாது. 1500 சிசி வரையுள்ள காருக்கு உங்கள் பங்காக 1,000 ரூபாய் கட்டாயம். 20,000 ரூபாய்க்கு உலோக பாகம் மாற்றினால் கைக்கு வருவது 11,000. இதுவரை க்ளெய்ம் செய்யாமல் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) வாங்கியிருந்தால், அது பூஜ்யமாகி 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்ப 50-ஐத் தொடும்வரை மொத்தம் 125 சதவீதத் தள்ளுபடி போய்விடும். தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி) வருடத்துக்கு 8,000 என்றால் இழப்பு சுமார் 10,000. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு பாலிசியில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதனால் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது, எவ்வளவு ஆகும் என்று கழற்றிப் பார்த்துத் தெரிந்தபின், அதைத் தொடுவதற்கு முன், க்ளெய்ம் செய்வதா என்று முடிவு செய்யுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். க்ளெய்ம் இல்லையென்றால் வாங்கியும் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் பாகத்தின் எண் இருக்கட்டும். மாற்றாததற்குப் பணம் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அந்த ரசீதுதான் வேண்டும்.