அந்தக் கதவுக்குப் பின்னாடி யாருன்னு எல்லாருக்கும் தெரியும்

கடிதம்:

வணக்கம் சார். ‘கூஸன் கூஸின்’ங்குற பிரெஞ்சுப் படத்தைப் பத்தி நீங்க முன்னாடி எழுதினதை என் பொண்ணு படிச்சுட்டு, அவதான் சப்டைட்டிலோட தேடிப் போட்டுக் காமிச்சா. மனசை லேசாக்குற படம்னு எழுதியிருந்தீங்க. எனக்கு லேசாகல சார். எங்க வீட்லயும் இது நடந்துச்சு. ஆறு வருஷம் ஆச்சு, அவர் திரும்பி வந்துட்டாரு, ஒண்ணாத்தான் இருக்கோம், பொண்ணுக்கும் தெரியும், அதைப் பத்தி வீட்ல யாரும் பேசறதில்ல. கடைசில கிறிஸ்மஸ் அன்னிக்கு அந்த ரெண்டு பேரும் ரூமுக்குள்ள போய் தாழ் போட்டுக்கிட்டப்ப பொண்ணு சிரிச்சா, நான் எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிட்டேன். கல்யாணம் ஆன ரெண்டு பேர் இப்படிப் பண்றதை இவ்வளவு இனிப்பா காட்டுறது சரியா? பிரான்ஸ்ல இதெல்லாம் சகஜமாமே, அதனாலதான் சிரிக்கிறாங்களா? இன்னொரு சந்தேகம், தலைப்பே கசின்னு இருக்கு, அவங்க ரெண்டு பேரும் என்ன முறை? பேர் போட வேணாம்.

பதில்:

வணக்கம்ங்க. பேர் போடல, உங்களை அடையாளம் தெரியிற மாதிரி இருந்த ரெண்டு மூணு வரியையும் எடுத்துட்டேன். லெட்டர் வந்து நாலு நாளாச்சு, படத்தை இன்னொரு தடவை பாக்காம உங்களுக்கு பதில் எழுதக்கூடாதுன்னு தோணுச்சு, நேத்து ராத்திரி பாத்தேன். நீங்க எந்திரிச்சுப் போன இடத்துல நானும் நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அந்த சீனை நான் முன்னாடி எல்லாம் ரூமுக்கு உள்ள இருந்துதான் பாத்திருக்கேன், ஹால்ல உக்காந்திருக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒரு தடவைகூட பாத்ததில்லன்னு அப்பதான் உறைச்சுது.

முதல்ல அந்த முறை விஷயம், ஏன்னா படமே அதுல இருந்துதான் கிளம்புது. கதாநாயகி பேரு மார்த், கதாநாயகன் லுதோவிக். மார்த்தோட அம்மா பிஜூ வயசான காலத்துல ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிறாங்க, அந்த மாப்பிள்ளை லுதோவிக்கோட மாமா. மாமாவா சித்தப்பாவான்னு என்னைக் கேக்காதீங்க, பிரெஞ்சுல ரெண்டுக்கும் ‘ஓங்க்ல்’தான். நம்ம பாஷையா இருந்தா கல்யாணப் பந்தலுக்குள்ள நுழையிறப்பவே யாராவது ஒரு பெரியம்மா கணக்குப் போட்டு தீர்ப்பு சொல்லியிருப்பாங்க, சித்தப்பா கட்டுன வீட்டுப் பொண்ணுன்னா தங்கச்சி, மாமா கட்டுன வீட்டுப் பொண்ணுன்னா முறைப்பொண்ணு, அதோட பேச்சு முடிஞ்சுது. அங்க ஆணுக்கு கூஸன், பொண்ணுக்கு கூஸின், அவ்வளவுதான். ரத்த சம்பந்தம் கிடையாது, தூரமும் கிடையாது, பேசிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், கன்னத்துல முத்தம் குடுத்துக்கலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டைரக்டர் ழான் ஷார்ல் தாக்கெல்லா இந்தச் சின்ன இடைவெளியைப் புடிச்சுக்கிட்டாரு.

இப்ப நீங்க கேட்ட பெரிய கேள்விக்கு வரேன். நீங்க லெட்டர்ல ‘அந்த ரெண்டு பேர்’னு சொல்றது மார்த்தையும் லுதோவிக்கையும். கொஞ்சம் பொறுமையா ஆரம்பத்துக்குப் போவோம். அந்தக் கல்யாண விருந்துல முதல்ல காணாமப் போறது அவங்க இல்ல. மார்த்தோட புருஷன் பஸ்கால், லுதோவிக்கோட பொண்டாட்டி கரீன், இவங்க ரெண்டு பேரும்தான் நைசா நழுவிடறாங்க. பஸ்காலுக்கு இது முதல் தடவையும் இல்ல, அவனுக்கு அங்கங்க ஆள் இருக்குன்னு மார்த்துக்குத் தெரியும், தெரிஞ்சேதான் குடும்பம் நடத்திக்கிட்டிருக்கா. விருந்தெல்லாம் முடிஞ்சு ஆளுங்க கிளம்பிட்டாங்க, இவளும் லுதோவிக்கும் மட்டும் தங்கள் ஆளுங்க எப்ப வருவாங்கன்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க பழக்கம் ஆரம்பிக்கிறது அங்கதான், ஏமாத்தப்பட்ட ரெண்டு பேர் ஒண்ணா காத்திருந்ததுல.

அதனால நான் சொல்றது உங்களுக்கு கோவம்கூட வரலாம், ஆனாலும் சொல்லிடறேன். நீங்க படத்துல உங்களை கரீன் இடத்துல வெச்சுப் பாத்திருக்கீங்க, கடைசில வெளில நிக்கிறது அவங்கதானேன்னு. எனக்கு என்னவோ நீங்க மார்த்னுதான் தோணுது. ஆறு வருஷமா வீட்ல யாரும் பேசாத ஒண்ணை தூக்கிச் சுமந்துக்கிட்டு சமைச்சுப் போட்டுக்கிட்டிருக்கிற பொம்பளை படத்துல ஒருத்திதான் இருக்கா. மார்த்தா வர்ற மாரி கிறிஸ்தீன் பரோ அதை எப்படி நடிச்சிருக்காங்கன்னு பாருங்க, அழுகை இல்ல, சண்டை இல்ல, பஸ்கால் ஒரே நாள்ல அத்தனை பேரையும் விட்டுட்டு திருந்தி வந்து நிக்கிறப்ப கூட அவ முகத்துல பெரிசா ஒண்ணும் மாறல. திரும்பி வந்துட்டான், அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்ங்குற மாதிரி ஒரு முகம். இந்த ரோலுக்கு அவங்களுக்கு ஆஸ்கர் நாமினேஷன் கிடைச்சுது, படத்துக்கும் திரைக்கதைக்கும் கூட நாமினேஷன், கரீனா வந்த மாரி பிரான்ஸ் பிஸியேவுக்கு அவங்க ஊர் சேஸார் விருது கிடைச்சுது. எனக்கு விருது எல்லாம் அப்புறம்தான், அந்த முகம்தான் முதல்ல.

‘பிரான்ஸ்ல இதெல்லாம் சகஜம்’. இதை நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு இதைக் கேட்டா மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா நிஜம் அப்படி இல்ல. நெப்போலியன் காலத்துல 1810ல வந்த தண்டனைச் சட்டத்துல, புருஷனுக்குத் துரோகம் பண்ண பொண்டாட்டிக்கு 3 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில். அதே தப்பை புருஷன் பண்ணா ஜெயில் கிடையாது, அதுவும் இன்னொருத்தியை சொந்த வீட்டுக்குள்ளயே கொண்டுவந்து வெச்சிருந்தாதான் கேஸே நிக்கும், அதுக்கும் வெறும் ஃபைன், 100ல இருந்து 2000 பிராங்க் வரைக்கும். பொண்டாட்டி ஜெயில்ல இருக்கிறப்ப புருஷன் வந்து ‘சரி நான் திரும்பச் சேத்துக்கிறேன்’னு சொன்னா அவளை விட்டுருவாங்க. இன்னொரு பிரிவு இருந்துச்சு, வீட்ல ரெண்டு பேரையும் கையும் களவுமா பாத்த புருஷன் அங்கயே கொன்னுட்டான்னா அதை மன்னிக்கத்தக்க குத்தமா எடுத்துக்கிட்டு தண்டனையைக் குறைக்கலாம்னு. புருஷனுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, பொண்டாட்டிக்கு இல்ல. இதெல்லாம் எப்ப போச்சு தெரியுமா, 1975 ஜூலை 11ஆம் தேதி வந்த சட்டத்துலதான். ரெண்டு பேரும் மனசு ஒத்து பிரியலாம்ங்குறதும் அதுலதான் திரும்ப வந்துச்சு, அதுக்கு முன்னாடி 90 வருஷமா ஒருத்தர் மேல ஒருத்தர் தப்பை நிரூபிச்சாதான் டைவர்ஸ்.

இந்தப் படம் ரிலீஸானது அதே 1975, நவம்பர்ல. சட்டம் வந்து நாலு மாசம். அப்ப தியேட்டர்ல உக்காந்து பாத்த பொம்பளைங்க அந்தச் சட்டம் வர்ற வரைக்கும் மார்த் பண்ணதுக்கு ஜெயில் உண்டுன்னு தெரிஞ்சவங்க, பஸ்கால் பண்ணதுக்கு கிடையாதுன்னும் தெரிஞ்சவங்க. அவங்க சிரிச்சது சகஜம்ங்குறதால இல்லைங்க. இன்னிக்கும் அங்க மேயர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணி வெக்கிறப்ப சிவில் சட்டம் 212ஆம் பிரிவை வாய்விட்டுப் படிப்பாங்க, கணவனும் மனைவியும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை, விசுவாசம், உதவி, துணை தரணும்னு. விசுவாசம்ங்குற வார்த்தையை யாரும் எடுத்துடல.

சிரிப்பு எங்க இருந்து வருதுன்னு சொல்றேன், இதை என் பழைய கட்டுரைல சரியா எழுதாம விட்டுட்டேன். பாரிஸ்ல கள்ளக்காதலை வெச்சு காமெடி பண்றது ரொம்பப் பழைய தொழில், மோலியேர் 1660லயே பொண்டாட்டி மேல சந்தேகப்படுற புருஷனை மேடைல ஏத்தி சிரிக்க வெச்சுட்டாரு. ஜார்ஜ் ஃபேதோன்னு ஒருத்தர், அவர் நாடகம் பூரா கதவுதான், ஒரு கதவுல புருஷன் வருவான், இன்னொரு கதவுல காதலன் ஓடுவான், அலமாரிக்குள்ள ஒருத்தன். 1907ல அவர் எழுதின ஒரு நாடகத்தோட பேரு ‘காதுக்குள்ள தெள்ளுப்பூச்சி’ன்னு வரும், அவங்க ஊர்ல சந்தேகம் வந்துட்டா அப்படிச் சொல்லுவாங்க. அதுல ஒரு ஹோட்டல், ரூம் கட்டில் சுவரோட சேர்ந்து சுத்தும், பொண்டாட்டியைத் தேடி புருஷன் உள்ள வந்தா பட்டனை அமுக்கினா போதும், கட்டில் அந்தப் பக்கம் போயிரும், இந்தப் பக்கம் வாதநோய் வந்த ஒரு தாத்தா படுத்திருப்பாரு. இந்த மாதிரி நாடகத்துல எல்லாம் சிரிப்பு ஒரே ஒரு விஷயத்துலதான் நிக்குது, கதவுக்குப் பின்னாடி யாருன்னு நமக்குத் தெரியும், ஏமாந்தவனுக்குத் தெரியாது, நாம அவனைப் பாத்து சிரிப்போம்.

தாக்கெல்லா அந்தக் கதவையே எடுத்து திருப்பி மாட்டியிருக்காரு. கிறிஸ்மஸ் அன்னிக்கு வீடு நிறைய ஜனம், ரெண்டு பேரும் எல்லார் கண்ணு முன்னாடியும் ரூமுக்குள்ள போறாங்க, கதவைச் சாத்துறாங்க. உள்ள யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஒளிக்கிறதுக்குன்னே இருந்த கதவு அங்க எதையும் ஒளிக்கல. பஸ்கால் வருஷக்கணக்கா பண்ணதை இந்தக் குடும்பம் சமாளிச்சுக்கிட்டுது, கண்டும் காணாம சாப்பாட்டைப் பரிமாறிக்கிட்டு போச்சு. ஆனா மார்த்தும் லுதோவிக்கும் ரொம்ப நாள் தொடாமலே பழகிக்கிட்டு இருந்தாங்களே, நீச்சல் குளத்துக்குப் போறது, கேக் கடைல வெட்டி வெட்டிச் சாப்பிடறது, வேலைக்கு மட்டம் போட்டு பேசிக்கிட்டு இருக்கிறது, அப்பவே எல்லாருக்கும் பொறுக்கல, ஏன்னா அவங்க ஒளிக்கல. லுதோவிக்கோட சின்னப் பொண்ணு, பிஜூவோட கல்யாணத்துல போட்டோ எடுத்து வெச்சு குடும்பமே உக்காந்திருக்கிறப்ப ஸ்லைடு போட்டுக் காட்டுறா பாருங்க, எடுக்கக்கூடாத போட்டோ எல்லாம் அதுல வருது, அந்தச் சின்னப் பொண்ணுதான் அந்த வீட்லயே முதல்ல உண்மையைச் சுவத்துல காட்டினவ. நீங்க எழுதினீங்களே, ‘வீட்ல யாரும் பேசறதில்ல’ன்னு, அதைப் படிச்சதும் எனக்கு அந்த ஸ்லைடு சீன்தான் ஞாபகம் வந்துச்சு.

இதெல்லாம் சொல்லிட்டு, நீங்க கிச்சனுக்குப் போனது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. நேத்து பாக்கிறப்ப எனக்கு படத்து மேல ஒரு குறை இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சுது, அது நீங்க புடிச்ச குறைதான். கரீனை தாக்கெல்லா ரொம்ப லேசா எழுதிட்டாரு, அலைபாயிற பொண்ணு, அழகான சட்டை, கொஞ்சம் பைத்தியக்காரத்தனம், அவ்வளவுதான், மாரி பிரான்ஸ் பிஸியே கண்ணுல ஏதோ கொண்டுவராங்க ஆனா ஸ்கிரிப்ட்ல அதுக்கு இடம் இல்ல. பஸ்காலும் அப்படித்தான், கீ மார்ஷான் நடிப்பு நல்லாருக்கு, ஆனா அவன் வலியை நம்ம சீரியஸா எடுத்துக்கக் கூடாதுன்னு படம் முடிவு பண்ணிடுச்சு. மார்த்துக்கு வலிச்சப்ப நிதானமா நின்னு பாத்த படம், கரீனுக்கும் பஸ்காலுக்கும் வலிக்கிறப்ப அடுத்த சீனுக்கு ஓடிருது. உண்மையைப் பேசிட்டா மட்டும் யாருக்கும் வலிக்காதா என்ன, வலிக்கும், அதுவும் குழந்தைங்க ஹால்ல உக்காந்திருக்கிறப்ப நல்லாவே வலிக்கும். ஒளிக்காம பண்றதும் துரோகம்தான், பொய் மட்டும்தான் அதுல இல்ல. படம் அந்த வித்தியாசத்தை அழகாப் புடிச்சுது, ஆனா துரோகம்ங்குற பாதியைச் சொல்லாம விட்டுருச்சு. ‘மனசை லேசாக்குற படம்’னு நான் எழுதினது அந்தப் பாதியை நானும் பாக்காததால. உங்க மாதிரி ஒருத்தங்க படிப்பாங்கன்னு அப்ப யோசிக்கல, யோசிச்சிருக்கணும். அந்தக் கட்டுரைல அந்த வரியை எடுத்துட்டு உங்க கேள்வியைச் சேக்கப் போறேன், நீங்க சரின்னா மட்டும்.

இனிப்பா காட்டுறது சரியான்னு கேட்டீங்க. மார்த் சந்தோஷமா இருக்கிறதை இனிப்பா காட்டுறது எனக்குச் சரியாத்தான் படுது, அவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளை வயிறார கேக் சாப்பிட்டு சத்தமா சிரிக்கிறா, அதை வேற எப்படிக் காட்டுறது. அந்தச் சந்தோஷத்துக்கு பில் யார் கட்டினாங்கன்னு காட்டாதது சரியில்ல. இந்த ரெண்டு எண்ணமும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு, நேத்து ராத்திரி தூங்குற வரைக்கும் ஒண்ணு இன்னொண்ணை ஜெயிக்கல.

ஹாலிவுட்ல 1989ல இதையே திரும்ப எடுத்தாங்க, இஸபெல்லா ரோஸெல்லினி நடிச்சது, அதைத் தேடிப் பாக்க வேணாம், உங்க கேள்விக்கு அதுல பதில் இல்ல.

உங்க பொண்ணு சிரிச்சான்னு எழுதியிருந்தீங்க. அவ எதுக்குச் சிரிச்சான்னு கேட்டீங்களா? கேக்கலைன்னா கேளுங்க. அந்தப் படத்தை அவளாத் தேடி எடுத்து உங்க பக்கத்துல உக்காந்து பாத்திருக்கா, வீட்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச பொண்ணு. நான் எழுதினதைப் படிச்சுட்டு ஜாலியான படம்னு மட்டும் நினைச்சு அவ அதைப் போட்டுக் காமிச்சிருப்பான்னு எனக்குத் தோணல.