லோகோ போட்டி: எதை விடுவது, எதை வைப்பது?

வணக்கம் சகோதரி. மெரினாவைச் சுத்தமாக வைப்பது பற்றிய பள்ளிப் போட்டிக்கு, ஏழாம் வகுப்பு மகள் லோகோவில் கலங்கரை விளக்கம், படகு, ஆமை, குப்பைத்தொட்டி எல்லாம் வரைந்துவிட்டு, எதையும் எடுக்க மாட்டேன் என்று அழுவதாக எழுதியிருந்தீர்கள்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கி வாங்கி, அவள் கையில் கொடுங்கள். ஒரே தடவையில் அவ்வளவு சிறிதாகாது, நகலை மறுபடி சுருக்கச் சொல்லுங்கள். என் பையனுக்கு அப்படித்தான் புரிந்தது. பாய்மரக் கோடு காணாமல் போயிருந்தது, மீன் வெறும் கறையாகத் தெரிந்தது. நான் வாயே திறக்கவில்லை, அவனே ரப்பரைத் தேடினான்.

என்னைக் கேட்டால் ஆமை மட்டும் போதும். வருஷா வருஷம் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரையாயிற்றே நம்முடையது!

2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீடும் போட்டியில் தேர்வானதுதான். வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். பேனாவால் யாரும் நொடியில் எழுதிவிடலாம், அதை அவளுக்குக் காட்டுங்கள்.

அப்புறம், நீங்கள் கணினியில் திருத்த வேண்டாம். கோடு கோணலாகவே இருக்கட்டும். செல்போன் படத்தில் நிழல் விழும், ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.