மூளையில் வளையக் கட்டிகள்: முதல் 14 நாட்களைக் கவனியுங்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஓராண்டாக நிறுத்திவிட்டார். இரண்டு வாரமாகத் தலைவலி, காய்ச்சல். வலது கையில் காபி டம்ளர் நிற்பதில்லை. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 ரத்த அணு எண்ணிக்கை 42. எம்ஆர்ஐயில் வளையம் வளையமாகக் கட்டிகள். பூனைக் கழிவு வழியாகவும் தொற்றும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி என்று சொல்லி, சதைப் பரிசோதனை செய்யாமலேயே மாத்திரை தொடங்கிவிட்டார்கள். சரியா? வீட்டுப் பூனையை விரட்டிவிடலாமா?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். சிடி4 100க்குக் கீழே, ஸ்கேனில் பல வளையங்கள், ரத்தத்தில் டாக்ஸோ ஐஜிஜி (அந்தக் கிருமி முன்பே உடலில் நுழைந்ததைக் காட்டும் எதிர்ப்பொருள்): இவை சேர்ந்திருந்தால் உடனே மருந்தைத் தொடங்குவதே முறை. ஐஜிஜி பார்த்தார்களா என்று கேளுங்கள். மண்டையைத் துளைத்துச் சதை எடுத்தால் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். இந்த நோயோ மருந்துக்குச் சீக்கிரம் பணிந்துவிடும்.

ஆனால் நம் ஊரில் காசநோய்க் கட்டியும் இதே வளையமாகத் தெரியும். அதனால் முதல் 14 நாட்கள் மிக முக்கியம். தினமும் காலையில் அண்ணனை வலது கையால் சட்டைப் பொத்தான் போடச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்கள் மருத்துவருக்குப் பெரிய உதவி. இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் காசநோயா, லிம்போமா புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். சதைப் பரிசோதனை அப்போது தேவைப்படலாம். வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், அதனாலேயே தற்காலிகமாகத் தேறியதுபோலத் தோன்றும். அதையும் கேட்டுவையுங்கள்.

பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், ஃபோலினிக் அமிலம் கொடுப்பது வழக்கம், அல்லது கோட்ரைமாக்சசோல். ஃபோலினிக்குக்குப் பதிலாக ஃபோலிக் அமில மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். அது மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும். குறைந்தது ஆறு வாரம் முழு அளவு, பிறகு குறைந்த அளவில் தொடர வேண்டும். கை தேறிவிட்டது என்று நடுவில் விட்டால் நோய் திரும்பிவிடும். வலிப்பு, அரைமயக்கம், உடலில் தடிப்போடு வாய்ப்புண் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பூனை இருக்கட்டும். பெரும்பாலும் எப்போதோ உடலில் நுழைந்து உறங்கிக்கிடந்த கிருமிதான் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் விழித்துக்கொள்கிறது. பூனையின் கழிவை அண்ணன் தொடாமல், வேறொருவர் அன்றன்றே அப்புறப்படுத்தினால் போதும். அதிலுள்ள கிருமி தொற்றும் நிலையை எட்ட ஒரு நாளாவது ஆகும். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஏஆர்டி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். வழக்கமாக இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஏஆர்டி மையத்திலேயே மறுபடி தொடங்குவார்கள். மாத்திரையை விட்டதற்காக அண்ணனைத் திட்டாமல் உடன் போங்கள்.